மதுரையிலிருந்து சைக்கிளில் கொடைக்கானல் ஏரி: எந்த வழியாக ஏறுவது, எந்த வழியாக இறங்குவது?

கோச்சடைவாசி:

வணக்கம். ஒன்றரை வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். வயது 34. வார நாட்களில் விடியும் முன்னே துவரிமான், மேலக்கால் வழியாகச் சோழவந்தான் போய்த் திரும்பிவிடுவேன். ஞாயிறு என்றால் அழகர்கோவில். போன மாதம் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் வழியாக வைகை அணை வரை போய் அன்றைக்கே வீடு திரும்பினேன். இதுவரை நான் போன பெரிய பயணம் அதுதான். மலை என்று சொல்லும்படி எதையும் ஏறியதில்லை.

ஜனவரியில் கொடைக்கானல் போக ஆசை. சைக்கிளிலேயே ஏறி, ஏரியை ஒரு சுற்று சுற்றி, அங்கே தங்கி, சைக்கிளிலேயே இறங்க வேண்டும். ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்கு பஸ்ஸில் போனபோது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு போனேன். ஒரு வளைவில், பாறை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறார்.

வரைபடத்தில் மூன்று வழி தெரிகிறது. வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு. பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழி. தூரம் குறைவு என்பதால் எனக்கு அடுக்கம் வழியில்தான் கண். சைக்கிளில் பற்சக்கரம் முன்னால் 50-34 பல், பின்னால் 11-28 பல். ஏறிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

காட்ரோடு:

தம்பி, வழியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 28 பல்லை மாற்றுங்கள்.

கணக்கு இதுதான். ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். முன்னால் 34, பின்னால் 34 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். அதே மிதியை 28 பல்லில் மிதிக்க வேண்டுமென்றால் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும். செங்குத்தான இடத்தில் அந்த வேகம் வராது. அப்போது மிதி 45க்கும் 40க்கும் இறங்கும், முழங்கால் பேச ஆரம்பிக்கும். 50 கிலோமீட்டர் ஏற்றத்தில் நெஞ்சுக்கு முன்னால் முழங்கால்தான் விட்டுப்போகும். 11-34 போடுங்கள். உங்கள் பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) 34 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். குட்டைக் கை டீரெய்லர் என்றால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். செயினும் நீளமாக வேண்டும்.

இப்போது காட் ரோடு. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இந்த 1,800 மீட்டர் ஏற்றம் 50 கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. சராசரியாக 100 மீட்டர் போனால் மூன்றரை மீட்டர் ஏறுவீர்கள், அவ்வளவுதான். 1916இல் திறந்த ரோடு இது. வழியைக் குறித்த பொறியாளர் லா பெயரால் லாஸ் காட் என்று இன்றும் சொல்கிறார்கள். சரிவு எங்கும் ஒரே சீராக இருக்கும். அதற்கு முன் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஒற்றையடிப் பாதைதான். நடந்தோ, குதிரையிலோ, டோலியில் உட்கார்ந்தோ ஏறினார்கள்.

காமக்காபட்டி சோதனைச்சாவடியை விட்டதும் ஏற்றம் பிடிக்கும். டம்டம் பாறையில் நின்று எதிரே பாருங்கள், தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர் உயரம், மழை முடிந்த மாதங்களில் வெள்ளை நூல் மாதிரி நிற்கும். அதன்பின் வாழைகிரி, ஊத்து, பெருமாள்மலை. அங்கிருந்து 12 கிலோமீட்டர் வெள்ளி அருவி, செண்பகனூர் என்று ஏறினால் ஊர் வந்துவிடும்.

சரிவு பிரச்சினையே இல்லை. பிரச்சினை வண்டிகள்தான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொன்று. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சமவெளி. எல்லோரும் இதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. எட்டு மணிக்கு வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தால் டம்டம் பாறை வரைக்கும் வெயில் முதுகில் விழும், பாறைச் சூடு முகத்தில் அடிக்கும். அங்கேயே பாதி உயிர் போய்விடும். ஆறரைக்குள் அடிவாரத்தைத் தொட வேண்டும். அப்படியென்றால் மதுரையில் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். என்னைக் கேட்டால் கொடைக்கானல் பயணம் ஜெயிப்பதும் தோற்பதும் மலையில் இல்லை, அலாரத்தில்தான்.

பெரியகுளத்தான்:

அடுக்கம் வழியைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊர் ரோடு.

கும்பக்கரை தாண்டியதும் ரோடு சுருங்கிவிடும். ஒரு ஜீப் வந்தால் நீங்கள் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். தூரம் குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த தூரத்துக்குள் அதே உயரத்தை ஏறியாக வேண்டுமே. சில திருப்பங்களில் முன் சக்கரம் தூக்கும். வழியில் டீக்கடை கிடையாது, பெரும்பாலான இடத்தில் செல்போன் எடுக்காது.

அதைவிட முக்கியம் மண்சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு துண்டு உருண்டு வரும். ரோட்டை மூடுவார்கள், சரி செய்வார்கள், மறுபடி உருளும். ஒரு நவம்பர் காலையில் நான் பாதி ஏறிவிட்டேன். வளைவு திரும்பினால் ரோட்டில் என் இடுப்பு உயரத்துக்குச் செம்மண். நடுவில் ஒரு பலாமரம் வேரோடு படுத்திருந்தது. இலை இன்னும் வாடவில்லை. அதைப் பார்த்ததும்தான் இது ராத்திரி நடந்ததில்லை, கொஞ்ச நேரத்துக்கு முன் நடந்தது என்று புரிந்தது. மேலே பார்த்தேன், சின்னச் சின்னக் கல் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குத் திரும்பியதுதான் நான் எடுத்த நல்ல முடிவு.

முதல்முறை மலை ஏறுகிறவர் தனியாக இந்த வழியில் வர வேண்டாம். பெரியகுளம் பக்கம் வரத்தான் ஆசை என்றால் சோத்துப்பாறை அணைக்கு வாருங்கள். மாந்தோப்புக்கு நடுவே போகிற ரோடு. 126 அடி அணை மலைக்கு நடுவில் பொருத்தி வைத்தது மாதிரி இருக்கும். அங்கிருந்து மஞ்சளாறு அணையையும் சேர்த்துக்கொண்டு தேவதானப்பட்டி வழியாகத் திரும்பலாம். மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஓட்டலாம்.

கோச்சடைவாசி:

அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. அடுக்கத்தை விட்டுவிட்டேன். நேற்றே மெக்கானிக்கிடம் சைக்கிளைக் கொடுத்தாயிற்று, டீரெய்லரும் மாற்ற வேண்டும் என்றார். மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜனவரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் பழக எந்த மலை நல்லது?

பனிமூட்டம்:

சிறுமலை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வேன்! பள்ளியில் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமை காலை என்றால் என்னை அங்கேதான் பார்க்கலாம்.

நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து, 18 கொண்டை ஊசி வளைவுகள். காட் ரோடு மாதிரி நீளம் கிடையாது, ஆனால் வளைவுக்கு வளைவு சரிவு மாறும். உள் பக்கமாகத் திரும்பினால் சட்டென்று செங்குத்து, வெளிப் பக்கமாகத் திரும்பினால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். எந்த இடத்தில் கியர் இறக்க வேண்டும், எந்த இடத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும் என்று உடம்பு அங்கேதான் கற்றுக்கொள்ளும். மேலே போனால் வாழைத் தோட்டம், காப்பி, மிளகு. சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு வாங்கியது, உங்களுக்கே தெரியும். தோல் கொஞ்சம் சுருங்கிய பழமாகப் பார்த்து இரண்டு சாப்பிடுங்கள், எந்த எனர்ஜி ஜெல்லும் வேண்டாம்.

எல்லோரும் ஏறுவதையே பேசுகிறோம். நான் இறங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம் சிறுமலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ரிம் பிரேக், சக்கர விளிம்பையே (ரிம்) கவ்விப் பிடிக்கும் வகை. பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது, எட்டாவது வளைவு இருக்கும். டயரில் வெடி வெடித்த மாதிரி சத்தம், முன் சக்கரம் நெளிந்தது. நல்லவேளையாக வேகம் குறைவு, மலைப் பக்கம் சாய்ந்தேன். முட்டி சிராய்ந்தது, வேறொன்றும் இல்லை. ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. பிறகு ட்யூப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்போக் ஓட்டைக்கு நேராகக் கொப்பளித்துக் கிழிந்திருந்தது. புது டயர் மாட்டிக் கொடுத்த கடையில், ரிம் டேப் (ஸ்போக் ஓட்டைகளை மூடும் பட்டை) ஒரு பக்கம் விலகிக் கிடந்ததைக் கவனிக்காமலே மாட்டிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை. சூடு ஏறியதும் காற்று விரிந்து, ட்யூப் அந்த ஓட்டை வழியே பிதுங்கிவிட்டது.

அன்றிலிருந்து மலைக்கு முன் இரண்டு டயரையும் நானே கழற்றி ரிம் டேப்பைப் பார்த்து மாட்டுகிறேன். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவதில்லை. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பேன், வளைவுக்குள் விட்டுவிடுவேன். கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்க வேண்டும், அப்போதுதான் விரலுக்குப் பலம் கிடைக்கும். உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே. கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும். நான்கைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம் ஆறட்டும். டிஸ்க் பிரேக் என்றால் ட்யூப்புக்குப் பயமில்லை, ஆனால் அதுவும் சூடாகும்.

ஹைவேவிஸ்:

சின்னமனூர்க்காரன். மேகமலையை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தென்பழனி சோதனைச்சாவடியில் பெயர் எழுதிவிட்டு ஏற வேண்டும், காலை ஆறு மணிக்கு மேல்தான் விடுவார்கள், மாலை ஆறுக்குள் இறங்கிவிட வேண்டும். 18 வளைவுக்கும் ஒவ்வொரு பூவின் பெயர். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஹைவேவிஸ் ஏரி, அதைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு. 2021இல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு. யானை வரும். கூட்டமாக வாருங்கள், தனியாக வேண்டாம். ஆனால் மதுரையிலிருந்து ஒரே நாளில் சைக்கிளில் வந்து ஏறுவது சாத்தியமில்லை. தேனியிலோ சின்னமனூரிலோ ராத்திரி தங்குங்கள்.

செல்லூர் நூல்கடை:

தம்பி, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. 1986இல் நானும் ஒரு நண்பனும் சாதாரண சைக்கிளில் கொடைக்கானல் போனோம். கியர் கிடையாது, கேரியரில் ஒரு போர்வை, ஒரு தூக்குச்சட்டி. தைப் பொங்கல் முடிந்த வாரம். வத்தலக்குண்டு வரை மிதித்தோம், அங்கிருந்து பாதி மிதி, பாதி தள்ளு. ஊத்தில் ஒரு டீக்கடைத் திண்ணையில் படுத்தோம். கடைக்காரர் சாக்கு கொடுத்தார் போர்த்திக்கொள்ள. மறுநாள் மத்தியானம் ஏரி. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் என் நண்பன் அழுதுவிட்டான். நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கும் அதே நிலைதான்.

உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மேட்டில் இறங்கித் தள்ளுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் தள்ளினால் கால் தசை மாறி வேலை செய்யும், அப்புறம் ஒரு மணி நேரம் மிதிக்கலாம். இரண்டாவது, பசி வருவதற்கு முன்னால் சாப்பிடுங்கள். நாங்கள் அரை மணிக்கு ஒரு தடவை கடலை மிட்டாய் ஒரு துண்டு, அப்புறம் நீச்சத்தண்ணி உப்புப் போட்டு. உப்பு முக்கியம். மதுரைக்காரன் வியர்வை சட்டையில் வெள்ளைக் கோடாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்த உப்பைத் திருப்பிக் கொடுக்காமல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் சின்ன வயதில் பார்த்த ஆள் நானாக இருக்க முடியாது, கணக்கு ஒத்து வராது. ஆனால் நானும் அப்படி ஒரு ஊற்றில் முகம் கழுவினேன்.

டிவிஎஸ் நகர்:

இவ்வளவு பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட் ரோட்டில் ஏறினோம், பின்னால் கார் வந்தது. தண்ணீர், பழம், மாற்று ட்யூப் எல்லாம் காரில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் சனி, ஞாயிறுதானே லீவு?

காட்ரோடு:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆளுக்கு அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். பிறகு எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான்.

காட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மேல் ஏறுகிற வண்டி வரிசை நிற்காது. மலைச்சாலையே ஓட்டிப் பழகாத டிரைவர்கள் அதிகம். எதிரே பஸ் வருகிறதா என்று பார்க்காமல் வளைவில் முந்துவார்கள். ஏறுகிற சைக்கிள் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போகும், பின்னால் பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தத்தில் நாம் ஓரத்துக்கு நகர்வோம், ஓரத்தில் சரளைக்கல். இரண்டு தடவை நான் அப்படி விழுந்திருக்கிறேன். பின்னால் காரும் வந்தால் வரிசை இன்னும் நீளும், பாதுகாப்பு அதிகமாகாது.

செவ்வாய் அல்லது புதன் போங்கள். ஒரு நாள் லீவு போடுங்கள். அதே ரோடு வேறு ரோடாக இருக்கும். பறவைச் சத்தம் கேட்கும்.

கார் வைத்துக்கொண்டால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு ஏறும் மோட்டார் வண்டிகளுக்கு அது கட்டாயம். தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு ஏறாதீர்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. சைக்கிள் பாட்டில் இரண்டு, வழியில் டீக்கடையில் நிரப்பிக்கொள்ளலாம்.

பண்ணைக்காடு காப்பி:

என் ஊர் பெயர் முதல் பதிவிலேயே வந்தும் இத்தனை நாள் யாரும் அந்த வழியைப் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

கொடைக்கானலில் மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது இரண்டும் இல்லை, நடுவில் ஏரியைச் சுற்றிய ஊரை மட்டும்தான். தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பண்ணைக்காடு எல்லாம் கீழ்மலை. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாக ஏறுங்கள். ரோடு காட் ரோட்டை விடக் குறுகல், ஆனால் வண்டி குறைவு. ஏறுகிற வழியில் ஒரு பக்கம் மருதாநதி அணை தெரியும். கொஞ்சம் ஏறியதும் காட்டு மரத்தின் நிழல், அதன் கீழே காப்பிச் செடி, மரத்தில் சுற்றிய மிளகுக்கொடி. நிழல்தான் இந்த வழியின் பெரிய சொத்து. காட் ரோட்டில் பத்து மணிக்கு வெயில் என்றால், இங்கே பத்து மணிக்கும் ரோட்டில் ஈரம் இருக்கும். ஈரம் என்றால் பாசியும் உண்டு, வளைவின் உள் ஓரத்தை விட்டு ஓட்டுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டாதீர்கள். தாண்டிக்குடி வந்ததும் முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியாது. அங்கிருந்து பண்ணைக்காடு வரை ரோடு இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தைக் கண்ணெதிரே இழப்பீர்கள். அப்புறம் ஊத்துக்குப் போய் காட் ரோட்டில் சேர்ந்து, பெருமாள்மலை, கொடைக்கானல். மொத்த ஏற்றம் காட் ரோட்டை விட அதிகம். ஆனால் ஊத்து வரை உங்கள் மூச்சு உங்களுக்குக் கேட்கும்.

யானை உண்டு. விடிகாலையும் அந்தியும் அவற்றின் நேரம். ஏழு மணிக்கு முன் மலை ஏறத் தொடங்காதீர்கள், நான்கு மணிக்குப் பின் கீழ்மலை ரோட்டில் இருக்காதீர்கள். ரோட்டில் யானையின் புது லத்தி (சாணம்), உடைந்த மூங்கில் பார்த்தால் அங்கேயே நின்று, அடுத்து வரும் பஸ்ஸையோ ஜீப்பையோ விட்டு அதன் பின்னால் போங்கள். தாண்டிக்குடியில் நேரம் இருந்தால் கல்திட்டைகளைப் பாருங்கள். இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் அடுக்கிய பலகைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. நம் ரோட்டுக்கு முன்னே இந்த மலையில் ஏறியவர்கள்.

கோச்சடைவாசி:

இதைப் படித்ததும் முடிவு செய்துவிட்டேன். கீழ்மலை வழிதான். இரண்டு ராத்திரி தங்குகிறேன். நடுவில் ஒரு நாள் கிடைக்கிறதே, மேலே எங்கே போகலாம்? பேரிஜம் ஏரிக்குச் சைக்கிளில் போகலாமா?

மேல்மலை:

பேரிஜத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். வனத்துறை பாஸ் இல்லாமல் போக முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற ஏரி அது. அதைத் தாண்டி மூணாறுக்குப் போன பழைய ரோட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் படை வந்தால் தப்பிக்க என்று சீர்படுத்திய வழி. 1990இலேயே மூடியாயிற்று. அது காட்டுக்குத் திரும்பிவிட்டது, திரும்பியதே நல்லது.

பூம்பாறை, மன்னவனூர் போங்கள். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். ஒரு வளைவில் காடு விலகியதும் கீழே ஊர் முழுதும் ஒரே பார்வையில் தெரியும். படிப்படியாக இறங்குகிற வயல், நடுவில் வீடுகளும் குழந்தை வேலப்பர் கோயிலும். ஒவ்வொரு படியிலும் பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். அறுவடைக் காலத்தில் வீட்டு முன் தாழ்வாரத்தில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். அந்த வாசனை ரோட்டு வரை வரும்.

மன்னவனூர் இன்னும் 15 கிலோமீட்டர். புல்வெளி, ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம். அங்கேயே திரும்பிவிடுங்கள். கூக்கால் ஏரி அதைவிட அழகு, ஆனால் திரும்பி வரும் ஏற்றத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். மேல்மலையில் போகும்போது இறக்கம் என்றால் வரும்போது ஏற்றம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பனி இறங்கி, முன்னால் பத்து மீட்டர் தெரியாமல் போகும். பின் விளக்கு பகலிலும் எரியட்டும்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். ஏறும்போது தெரியாது, நின்றால் தெரியும். ஜனவரி ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். இறங்கும்போது ஒரு தினத்தாளை நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். காற்று உள்ளே வராது.

பனிமூட்டம்:

இறங்குவதைப் பழநி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பெருமாள்மலையில் பிரிந்து, கொடைக்கானலிலிருந்து மொத்தம் 64 கிலோமீட்டர். அங்கிருந்து ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் போட்டு மதுரை வந்துவிடலாம். தைப்பூசம் எந்தத் தேதி என்று மட்டும் பாருங்கள். அந்த வாரம் பழநி ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும், ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது.

கோச்சடைவாசி:

போய் வந்துவிட்டேன். பொங்கல் கழிந்து, தைப்பூசத்துக்கு முன்னால் கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே சொன்ன எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மூன்றரைக்கு வீட்டை விட்டேன். சோழவந்தான் தாண்டும் வரை தென்னைமரமும் இருட்டும்தான். நிலக்கோட்டையை நெருங்கும்போது முதலில் வாசனை வந்தது, அப்புறம்தான் ஆட்கள் தெரிந்தார்கள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வயலில் குனிந்து மல்லிகை பறித்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் வெள்ளை வெளிச்சம் மட்டும் செடிச் செடியாக நகர்ந்தது. ஒரு அம்மா நிமிர்ந்து, "எங்கய்யா இந்நேரத்துல?" என்றார். கொடைக்கானல் என்றேன். "சைக்கிள்லயா? பாத்துப் போ சாமி" என்றார். அந்த ஒரு வார்த்தை வத்தலக்குண்டு வரை கூட வந்தது.

ஆறேகாலுக்கு வத்தலக்குண்டு. இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழு மணி சொன்னீர்களே என்று காத்திருந்து, சித்தரேவிலிருந்து ஏறத் தொடங்கினேன். 34-34 இல்லையென்றால் மூன்றாவது வளைவிலேயே இறங்கியிருப்பேன். காட்ரோடு அண்ணனுக்குத்தான் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். செல்லூர் ஐயா சொன்ன மாதிரி இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். சொன்னபடியே கால் மாறிப் பிடித்தது. அரை மணிக்கு ஒரு துண்டு கடலை மிட்டாய், மோரில் உப்பு.

தாண்டிக்குடியில் ஒரு டீ. பத்து மணிக்கும் ரோட்டில் ஈரம் இருந்தது. பண்ணைக்காடு போகிற இறக்கம் வந்தபோது மனம் சோர்ந்துதான் போனது, முன்கூட்டியே சொல்லி வைத்ததால் நின்றுவிடவில்லை. யானை பார்க்கவில்லை, லத்தி பார்த்தேன், ஆனால் காய்ந்தது. ஊத்தில் காட் ரோட்டில் சேர்ந்ததும் முதல் பஸ் ஹாரன் அடித்தது. அத்தனை நேரமும் ஹாரன் சத்தமே கேட்காமல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பெருமாள்மலைக்கு அப்புறம் ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. நான் நின்றேன். பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாதீர்கள் என்று கைகாட்டினார். அதன் முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. மூக்கிலிருந்து புகை வந்தது, அவ்வளவு குளிர். கால் மணி நேரம் ஓரத்துப் புல்லை மேய்ந்துவிட்டு, நிதானமாகச் சரிவில் இறங்கிப் போனது.

நான்கு மணிக்கு ஏரி. 1863இல் வெட்டிய ஏரி, சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர் என்று முதல் நாளே படித்து வைத்திருந்தேன். கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் ஓட்டிய காலுக்கு அந்த ஐந்து தெரியவே இல்லை. தண்ணீர் மேல் பனி படர ஆரம்பித்திருந்தது. செல்லூர் ஐயா, உங்கள் நண்பர் ஏன் அழுதார் என்று எனக்கும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் பூம்பாறை மட்டும் போனேன், மன்னவனூருக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் நாள் பழநி இறக்கம். கிளம்பும் முன் ரிம் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன் அக்கா, பின் சக்கரத்தில் ஒரு விரல் அகலம் விலகித்தான் இருந்தது. சரி செய்துகொண்டு இறங்கினேன். ஐந்து தடவை நின்றேன், ஒவ்வொரு தடவையும் ரிம்மில் கை வைத்துப் பார்த்தேன். நான்காவது தடவை நின்ற இடத்தில் பாறையில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

செல்லூர் நூல்கடை:

படித்தேன் தம்பி. என் நண்பனுக்குப் போன் போட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பூம்பாறைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இரண்டு தடவை கேட்டான்.

பனிமூட்டம்:

ரிம் டேப்பைப் பார்த்தீர்களே, அது போதும். வருகிற சனிக்கிழமை ஐந்தரைக்கு சிறுமலை அடிவாரத்தில் இருப்பேன், நான்கு பேர் வருகிறோம். மன்னவனூருக்குக் கால் வர வேண்டுமென்றால் வாருங்கள்.

கோச்சடைவாசி:

வருகிறேன் அக்கா. வாழைப்பழம் நான் வாங்கித் தருகிறேன்.